முத்துக் குளித்தவர்கள் கீழே என்ன கண்டார்கள்?



இது நீண்ட பதிவு. போயா விடுமுறைதானே, ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன தவணை பெற்றோரோடு கதைத்தபோதெல்லாம் நாங்கள் கேட்ட முறைப்பாடு ஒன்றுதான்: பிள்ளை போனை விடுகிறான் இல்லை. சுடுகிற விளையாட்டு, வெட்டுகிற விளையாட்டு. அதைப் பற்றி எழுதப் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஒரு தாயின் முறைப்பாடு வேறு மாதிரி இருந்தது. கனடாவிலிருந்து வந்துபோன உறவுக்காரர் ஒருவர் நின்டெண்டோ சுவிட்ச் என்ற விளையாட்டுப் பெட்டியை வீட்டில் விட்டுப் போயிருக்கிறார். மகன் அதில் கடலுக்குள் இறங்கி மீன் பார்த்துக்கொண்டிருக்கிறான், மணிக்கணக்காக.

"சேர், அதில ஒண்டுமே நடக்குதில்லை. சுடுறதும் இல்லை, வெல்லுறதும் இல்லை. சும்மா நீந்திக்கொண்டு இருக்கிறான். இவனுக்கு ஏதும் சுகமில்லையோ எண்டு பயமாக் கிடக்கு."

பிள்ளை நல்ல சுகமாகத்தான் இருக்கிறான். ஆனால் தாயின் கேள்வியை நாங்கள் விட்டுவிட விரும்பவில்லை. ஒன்றுமே நடக்காத ஒரு கடலுக்குள் ஒரு பிள்ளை ஏன் ஆசையோடு இறங்குகிறான்? அதுவும் இரண்டு பக்கமும் தண்ணீர் இருக்கிற ஆனையிறவில் இருந்துகொண்டு? இதற்குப் பதில் தேடப் போய் நாங்கள் மன்னார்க் கடலில் போய் நின்றோம். அந்தக் கதைதான் இது.

முதலில் விளையாட்டு. அவன் விளையாடுவது 'எண்ட்லெஸ் ஓஷன் லூமினஸ்', 2024 மே மாதம் வந்தது. இதன் மூத்தது 2007 இல் ஜப்பானில் வெளிவந்தது. ஆக்கியவர்கள் அரிக்கா என்ற ஜப்பானிய நிறுவனத்தார். அவர்கள் அதற்கும் முன்பே, 2001 இல், 'எவர்புளூ' என்று இன்னொரு சுழியோடும் விளையாட்டைச் செய்தவர்கள். 2016 இல் அமெரிக்காவிலிருந்து 'அப்சூ' வந்தது. எல்லாவற்றிலும் வேலை ஒன்றுதான். கடலுக்குள் இறங்குவது, பார்ப்பது, இன்னும் கொஞ்சம் ஆழம் போவது. 2007 விளையாட்டில் ஒரு மீனைக் கண்டால் அதைத் தடவிக்கொடுக்கலாம், தடவத் தடவ அது என்ன மீன் என்ற விபரம் வரும். சுறா வரும், கடித்துக் கொல்லாது. தாங்கியில் காற்று முடிந்தால் சாவில்லை, படகுக்குத் திரும்பிவிடுவோம். அப்சூவில் காற்று முடிவதே இல்லை. ஓர் இடத்தில் சிலை மேல் அமர்ந்து, மீன்கள் போவதை விரும்பிய நேரம் வரை பார்த்துக்கொண்டிருக்கலாம். 2024 இல் வந்ததில் 500 க்கும் மேற்பட்ட உயிரினங்கள் இருக்கின்றன. 30 பேர் வரை இணையம் வழியே ஒரே கடலில் இறங்கலாம். அந்த 30 பேருக்கும் தங்களுக்குள் போட்டி கிடையாது.

தாய் சொன்னது சரி. ஒன்றும் நடப்பதில்லை. மூச்சு முட்டுவதில்லை, சுறா கடிப்பதில்லை, கொண்டுவந்ததை யாரும் எண்ணிப் பங்கு கேட்பதில்லை. அந்த அமைதி இவற்றையெல்லாம் கழித்துவிட்டுச் செய்யப்பட்டது. கழிக்கப்பட்ட அத்தனையும் எங்கள் கரையில் ஒரு காலத்தில் இருந்தவை.

தமிழில் இதற்கு இருக்கிற சொல்லைப் பாருங்கள். முத்து எடுப்பது என்றோ முத்துப் பிடிப்பது என்றோ நாம் சொல்வதில்லை. முத்துக் குளித்தல், சங்கு குளித்தல் என்கிறோம். குளித்தல் என்றால் இன்றைக்குக் கிணற்றடியும் சவர்க்காரமும் நினைவுக்கு வருகின்றன, ஆனால் மூழ்குவது என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு. மூழ்குகிறவரை எங்கள் பக்கத்தில் சுழியோடி என்கிறோம். இன்றைக்கும் கிணற்றுக்குள் வாளி விழுந்தால் சுழியோடத் தெரிந்தவரைத்தான் தேடுகிறோம். இத்தனை சொல் வைத்திருக்கிற மொழியில், சுழியோடி கீழே கண்டதைப் பற்றிய எழுத்து எவ்வளவு இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பு, கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பாண்டிய நாட்டுக் கொற்கையில் முத்துக் குளிக்க விடப்பட்டவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று அது சொல்கிறது. இதை முதலில் வாசித்தபோது நாங்கள் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம். கடலுக்குள் இறங்குவது அன்றைக்குச் சிறைத் தண்டனை!

13 ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ கணக்கை எழுதினார். எடுத்ததில் பத்திலொரு பங்கு அரசனுக்கு, இருபதிலொரு பங்கு சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு. சுறாவைக் கட்டுகிற மந்திரக்காரர் பிரித்தானியர் காலம் வரை முத்துக் குளிப்பில் இருந்தார். அவர் வராமல் சுழியோடிகள் இறங்க மறுத்ததால், மந்திரத்தில் நம்பிக்கையில்லாத வெள்ளைக்கார அரசாங்கமும் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, பயத்தைக் கட்டியது. பயத்துக்குச் சம்பளப் பட்டியலில் இடம் இருந்தது என்று இதைப் படிக்கலாம்.

1344 இல் இப்னு பதூதா புத்தளத்தில் யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அரசருக்குப் பாரசீகம் விளங்கும். பதூதா உள்ளே போனபோது அரசரைச் சுற்றி முத்துகள் குவிந்திருந்தன, அதிகாரிகள் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நீர் வந்த நாடுகளில் முத்துக் குளிப்பதைக் கண்டிருக்கிறீரா என்று அரசர் கேட்கிறார், கண்டிருக்கிறேன் என்று பாரசீக வளைகுடாத் தீவுகளை இவர் சொல்கிறார், அரசர் இவருக்கு முத்துகளைக் கொடுக்கிறார். யாழ்ப்பாணத்துத் தமிழ் அரசரும் மொரோக்கோ நாட்டு முஸ்லிம் பயணியும் முத்தைப் பற்றி ஒரு பொது மொழியில் கதைத்துக்கொண்டிருந்த காட்சியை நாங்கள் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறோம், இனியும் சொல்வோம். ஆனால் அந்தக் காட்சியிலும் சுழியோடி இல்லை. முத்து இருக்கிறது, தட்டு இருக்கிறது, தரம் பிரிக்கிற கை இருக்கிறது.

இனிக் கிட்ட வருவோம். மன்னாரிலிருந்து தெற்கே போனால் அரிப்பு, சிலாபத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி. எங்கள் வாசகர்கள் பலருக்கு அவை வரைபடத்துப் புள்ளிகள் அல்ல, உறவினர் வீடுகள். கரையிலிருந்து மேற்கே கடலுக்கடியில் இருந்த சிப்பித் திடல்களைப் பார் என்றார்கள். பெரிய பார், செவல் பார், மோதரகம் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத நிலத்துக்கு வயலுக்கு வைப்பது போலப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மாசி பங்குனியில், இரண்டு பருவக்காற்றுக்கும் இடையில் கடல் படுக்கிற நாட்களில்தான் குளிப்பு. எல்லா வருடமும் நடக்காது. பரிசோதனைக்குச் சிப்பி அள்ளிப் பார்த்து, முத்து இருந்தால்தான் அரசாங்கம் அறிவிக்கும். அறிவித்தால் ஒன்றுமில்லாத மணற்கரையில் சில கிழமைக்குள் ஒரு பட்டினம் எழும்பும். ஓலைக் கொட்டில்கள், கடைகள், நீதிமன்றம், வைத்தியசாலை எல்லாம் வரும். பாம்பனிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வள்ளங்கள் வரும். கடைசிக் காலத்தில் பாரசீக வளைகுடாவிலிருந்து அரபிகளும் வந்தார்கள். கத்தோலிக்கப் பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், இந்துக்கள், அரபிகள் எல்லாரும் ஒரே கரையில் இருந்தார்கள். குளிப்பு முடிந்தால் பட்டினமும் முடிந்துவிடும்.

நடு இரவில் கரைக்காற்றைப் பிடித்து வள்ளங்கள் போகும். விடிந்ததும் வேலை தொடங்கும். சுழியோடி காலை ஒரு கல்லின் மேல் வைப்பார், கல் கயிற்றில் இருக்கும், கூடையும் கயிற்றில். மூச்சை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு கல்லோடு இறங்குவார். அரபிகள் மூக்குக்குக் கவ்வி போடுவார்கள், எங்கள் ஆட்கள் கையாலேயே பிடிப்பார்கள். பத்து முதல் பதினைந்து மீற்றர் வரை ஆழம். மேலே நிற்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். கீழே இருப்பவருக்கு ஒரு நிமிடம், கூடினால் இன்னும் கொஞ்சம். அதற்குள் சிப்பியைப் பிடுங்கிக் கூடைக்குள் போட்டுவிட்டுக் கயிற்றை அசைக்க வேண்டும். கயிறு பிடிக்கிற கையில்தான் உயிர். அந்தக் கயிற்றைப் பெண்சாதியின் தம்பி கையிலோ அண்ணன் கையிலோதான் கொடுப்பார்கள், அவன்தான் தன் உடன்பிறந்தவள் தாலி அறுக்க விடமாட்டான் என்று கடற்கரையில் ஒரு பேச்சு உண்டு. மச்சானை நம்புவதற்கு இதைவிட நல்ல காரணம் நாங்கள் கேட்டதில்லை.

இப்படி விடிந்ததிலிருந்து மதியம் வரை, ஆளுக்குப் பல முறை. பிறகு கடற்காற்றைப் பிடித்துக் கரைக்குத் திரும்புவார்கள். கரையில் கொட்டு என்று ஒரு வேலியடைத்த இடம். சுழியோடிகள் தங்கள் சிப்பியைச் சுமந்துவந்து மூன்று குவியலாகப் போட வேண்டும். அரசாங்கத்து அதிகாரி வந்து எந்த இரண்டு குவியல் என்று காட்டுவார். அது அரசாங்கத்துக்கு. மிஞ்சிய ஒன்று சுழியோடிக்கு. அரசாங்கத்துச் சிப்பியை அன்று பின்னேரமே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். வாங்கியவர் அதை அழுக வைத்துக் கழுவி முத்தைத் தேடுவார். அந்த நாற்றமும் இலையானும் பல மைல் தூரத்துக்குத் தெரியுமாம்.

அப்படிக் காட்டிய அதிகாரிகளில் ஒருவர் லெனார்ட் வூல்ஃப். பிற்காலத்தில் எழுத்தாளர் வேர்ஜினியா வூல்ஃபின் கணவர் என்று உலகம் அறிந்தவர். 1905 தொடக்கத்தில், வடக்கு ரயில்பாதை முழுதாக முடியுமுன்னர், அநுராதபுரத்திலிருந்து தபால் மாட்டுவண்டியில் எங்கள் ஆனையிறவு வழியாகத்தான் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வந்து சேர்ந்தார். 1906 இல் அவரை மறிச்சுக்கட்டிக்கு அனுப்பினார்கள். வயது 25. அந்த வருடம் 8,000 க்கு மேற்பட்ட சுழியோடிகள் இருந்தார்கள், ஏறக்குறையப் பாதிப் பேர் அரபிகள். அங்கு இறந்துபோன ஓர் அரபுச் சுழியோடியை அவரால் மறக்க முடியவில்லை. சுயசரிதையிலும் எழுதினார், 1921 இல் வெளிவந்த சிறுகதையிலும் அதைக் கொண்டுவந்தார். மூன்று குவியலில் இரண்டைக் காட்டுகிற வேலையில் இருந்தவர், செத்த மனிதனையும் கண்டார் என்பதற்காகவே எங்களுக்கு அவர் மேல் ஒரு மரியாதை.

1905 இல் அரசாங்கத்துக்கு முத்துக் குளிப்பில் கிடைத்தது சுமார் 25 லட்சம் ரூபா. அந்தக் காலத்து ரூபா! ஆசை கூடி, 1906 இல் இலண்டன் கம்பனி ஒன்றுக்குக் கடலையே 20 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள், வருடம் 3,10,000 ரூபா. 1907 க்குப் பிறகு பார்கள் வெறுமையாகின. கம்பனி சில வருடங்களில் மூடப்பட்டது. 1925 இல் சிறிய அளவில் ஒரு குளிப்பு நடந்தது. அதற்குள் ஜப்பானில் மிக்கிமோட்டோ வழிகாட்டிய வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்துவிட்டது, இயற்கை முத்தின் விலை விழுந்தது. முத்துக் குளிப்புக்குத் தேவையில்லாமல் செய்ததும் ஜப்பான், நூறு வருடம் கழித்துக் கடலில் குளிப்பதை வீட்டுக்குள் விளையாட்டாகக் கொண்டுவந்ததும் ஜப்பான். இது தற்செயல்தான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இவ்வளவு பேர் எழுதியிருக்கிறார்கள். கிரேக்க மாலுமி, வெனிஸ் வணிகர், மொரோக்கோ பயணி, ஆங்கில அதிகாரி. சிப்பியின் எண்ணிக்கை இருக்கிறது, பங்கு இருக்கிறது, விலை இருக்கிறது, நாற்றம் கூட இருக்கிறது. நாங்கள் வாசித்த அளவில், மேலே வந்த சுழியோடியிடம் "கீழே என்ன கண்டாய்?" என்று கேட்டு எழுதிய ஒரு வரி இல்லை. அவருக்கும் பார்க்க நேரம் இருந்திருக்காது. ஒரு நிமிடத்தில் கை சிப்பியில் இருக்க வேண்டும், காது கயிற்றில் இருக்க வேண்டும், கண் சுறாவுக்காக இருக்க வேண்டும். பவளத்துக்கும் மீனின் நிறத்துக்கும் எங்கே மிச்சம்?

பார்ப்பதற்காகவே இறங்கியவர்கள் வேறு ஆட்கள். 1864–65 இல் ஒஸ்திரியாவிலிருந்து ஒரு பிரபு வந்தார், இயூஜின் வொன் ரான்சொனே. ஓவியர். இரும்பால் ஒரு கூண்டு செய்வித்து, கண்ணாடி பதித்து, அதற்குள் இருந்தபடி தெற்குக் கடலுக்குள் இறங்கினார். மேலே படகிலிருந்து குழாய் வழியாகக் காற்றை அனுப்பினார்கள். கடலுக்கடியில் இருந்துகொண்டே, கண்ணால் கண்டதைப் படமாக வரைந்த முதல் மனிதர்களில் அவர் ஒருவர். 1867 இல் வந்த அவருடைய இலங்கைப் புத்தகத்தில் அந்தப் படங்கள் இருக்கின்றன. பச்சை இருட்டுக்குள் பவளப் பாறை, இடையில் மீன். இன்றைய விளையாட்டின் முதல் திரை என்றே சொல்லலாம். அதே இலங்கையில், அதே தலைமுறையில், மன்னார்ப் பக்கம் கல்லோடு இறங்கியவருக்குக் கூண்டும் இல்லை, கண்ணாடியும் இல்லை, அனுப்பப்பட்ட காற்றும் இல்லை.

இதற்கு ஒரு வருடம் முன்னர், 1863 இல் பாரிசில், 24 வயது பிசே 'முத்துக் குளிப்போர்' என்று ஓர் இசை நாடகம் போட்டார். கதை நடப்பது இலங்கைக் கடற்கரையில். பிசே இந்தப் பக்கம் வந்தவரே இல்லை. அந்தப் பாட்டு இன்றைக்கும் உலகத்தின் பெரிய அரங்குகளில் பாடப்படுகிறது, கேட்கக் கேட்கச் சாந்தமாக இருக்கும். தூரத்தில் இருப்பவர்களுக்கு எங்கள் கடல் எப்போதும் சாந்தமாகத்தான் இருந்திருக்கிறது.

மூச்சுப் பிரச்சினை 1943 இல் தீர்ந்தது. பிரான்சில் கூஸ்தோவும் கான்யாங் என்ற பொறியியலாளரும் தாங்கியை முதுகில் சுமந்துகொண்டு மூச்சு விடும் கருவியைச் செய்தார்கள். ஒரு நிமிடம் அரை மணியாகவும் ஒரு மணியாகவும் மாறியது. அப்போதுதான் சாதாரண மனிதனுக்குக் கீழே பார்க்க நேரம் கிடைத்தது. 1956 இல் ஆதர் சி. கிளார்க் இந்தக் கடலுக்காகவே இலங்கைக்கு வந்தார். விண்வெளிக் கதை எழுதுகிறவர் ஏன் கடலுக்கு வந்தார் என்றால், பூமியில் இருந்துகொண்டு உடம்பின் பாரம் இல்லாமல் மிதக்கிற இடம் கடல்தான் என்பார். பிற்காலத்தில் போலியோ நோயின் பின்விளைவால் நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் இருந்தபோதும் தண்ணீருக்குள் தனக்குக் குறையில்லை என்பார். அந்த விளையாட்டுகள் தரும் ஆறுதலில் பாதி இதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். பாரம் இறங்குகிறது.

கிளார்க்கின் கூட்டாளி மைக் வில்சன் 1961 இல் தென்கிழக்குக் கரைக்கு அப்பால், கிரேட் பாசஸ் பாறையடியில், ஒரு பழைய கப்பலின் சிதைவைக் கண்டார். அதற்குள் குவியலாக வெள்ளிக் காசுகள். எல்லாம் சூரத்தில் அடித்த ஔரங்கசீப் காலத்து ரூபாய்கள், ஹிஜ்ரி 1113, அதாவது கி.பி. 1702 அளவில். சுமந்துபோன கப்பலோடு இருநூற்றைம்பது வருடத்துக்கும் மேலாகக் கடலுக்குள் கிடந்திருக்கின்றன. எங்கள் மாணவர்களுக்குப் பொய்யான புதையல் விளையாட்டு தெரியும், இந்த உண்மையான புதையல் தெரியாது. கிளார்க் அதைப் பற்றி 1964 இல் ஒரு புத்தகமே எழுதினார். திருகோணமலையில் கோணேசர் மலையடிக் கடலுக்குள் கிடந்த பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் படம் பிடித்தவர்களும் இவர்கள்தான்.

இதெல்லாம் தெற்கும் கிழக்கும். வடக்கில் நாம் கடலை எப்படிக் கண்டோம்?

ஆனையிறவுத் தண்ணீர் ஆழமில்லாதது. அதனால்தான் வன்னியிலிருந்து ஆனைகளை இதனூடாகக் குடாநாட்டுக்கு இறக்கினார்கள், பெயரும் வந்தது. இந்தத் தண்ணீரை நாம் இறாலாகவும் உப்பாகவும்தான் பார்த்திருக்கிறோம். 1990 இல் உப்பளம் மூடியது. 1991 இல் சண்டை, 2000 இல் சண்டை, 2009 இல் சண்டை. யார் வென்றார் யார் தோற்றார் என்று எழுதப் போவதில்லை, எல்லா வீட்டிலும் ஒரு படம் மாலையோடு தொங்குகிறது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மறிச்சுக்கட்டி, சிலாபத்துறை, கொண்டச்சி எல்லாம் வெறுமையாயின. முத்துக் கரையின் பிள்ளைகள் புத்தளத்து முகாம்களில் வளர்ந்தார்கள். எங்களிலும் அப்படி வளர்ந்தவர்கள் இருக்கிறோம். போர் முடிந்து திரும்பிப் போனபோது வீடு நின்ற இடத்தில் காடு நின்றது. 2004 மார்கழி 26 இல் கடலே எழும்பி வந்து வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் ஆட்களைக் கொண்டுபோனது. 2009 இல் கடலுக்கும் நந்திக்கடலுக்கும் இடையில் சனம் நெருக்குண்டதை இங்கே விபரிக்கத் தேவையில்லை.

போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இவையெல்லாம் கதை. ஆனால் அவர்கள் நடக்கப் பழகியது சிவப்புப் பலகைகளுக்கு நடுவில். மண்டையோட்டுப் படமும் 'மிதிவெடி அபாயம்' என்ற எழுத்தும். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுகிற வேலை வருடக்கணக்காக நடந்ததை நீங்கள் எல்லாரும் வீதியால் போகும்போது கண்டிருப்பீர்கள். பாதையை விட்டு இறங்காதே, பற்றைக்குள் போகாதே, தெரியாத சாமானைத் தொடாதே என்று நாங்கள்தான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் பத்து வருடம் அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, எங்கேயும் போகலாம், எதையும் தொடலாம், ஒன்றும் வெடிக்காது என்று ஓர் இடம் கிடைத்தால் அவன் அங்கே மணிக்கணக்காக இருக்க மாட்டானா?

அந்தத் தாய்க்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான். ஜப்பானியப் பிள்ளைக்கும் கனடாப் பிள்ளைக்கும் அந்த விளையாட்டு வேலை முடிந்த களைப்பைத் தீர்க்கும். எங்கள் பிள்ளைக்கு அது வேறொன்றும் செய்கிறது. பயமில்லாத ஒரு கடலைக் காட்டுகிறது. அது சின்ன விடயமில்லை. படிப்பு நேரத்தில் வேண்டாம், இரவு கண் முழிக்க வேண்டாம் என்பது வேறு கதை, அதில் நாங்களும் தாயின் பக்கம்தான்.

அதே நேரத்தில் அவனிடமும் ஒன்று சொன்னோம். விளையாட்டில் எவ்வளவு ஆழத்திலிருந்தும் ஒரு பொத்தானை அமத்தி மேலே வந்துவிடுகிறாய். உண்மையில் தாங்கியோடு ஆழத்துக்குப் போனவன் அப்படி வந்தால், அழுத்தத்தில் இரத்தத்துக்குள் கரைந்திருந்த நைதரசன் குமிழாகிவிடும், சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி. மூட்டு வலிக்கும், கால் விழும், உயிரும் போகும். எங்கள் வடக்குக் கரையில் இன்றைக்கும் சங்குக்கும் கடலட்டைக்கும் தாங்கி கட்டி இறங்குகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். ஒரு நாளில் திரும்பத் திரும்ப இறங்குகிறவர்களுக்கு இந்த ஆபத்துக் கூட. அந்தப் பொத்தான் அவர்களுக்கு இல்லை. அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "சேர், அவையள் கீழ என்ன காணுவினம்?"

இவ்வளவு காலத்தில் கேட்கப்படாத கேள்வியை ஒரு பிள்ளை கேட்டுவிட்டான். விளையாட்டுப் பெட்டி கேட்க வைத்தது என்றே வைத்துக்கொள்வோம். சூரா அர்-ரஹ்மானை மனனமாக ஓதுகிற எங்கள் பிள்ளைகளுக்கு முத்தும் பவளமும் தெரிந்த சொற்கள்தான். இரண்டும் கிடக்கிற கடல் பேருந்தில் சில மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. அதற்குள் முகத்தை வைத்துப் பார்த்த பிள்ளை எங்கள் வகுப்பில் ஒருவர்கூட இல்லை. நீந்தத் தெரிந்தவர்களை எண்ண ஒரு கை போதும்.

வாசிக்கிற உங்களிடம் ஓர் உதவி. சங்கு குளித்தவர்கள், அட்டைக்கு இறங்கியவர்கள், அல்லது வாப்பாவோ அப்பாவோ மறிச்சுக்கட்டிக் கரையில் பழைய ஆட்களிடம் கேட்டதைச் சொல்லக்கூடியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். கீழே என்ன கண்டீர்கள்? எந்தப் பாரில் என்ன மீன், தண்ணீர் என்ன நிறம், எந்த நேரத்தில் வெளிச்சம் எதுவரை இறங்கும், சுறாவுக்கு எத்தனை பெயர். தண்டல், சம்மாட்டி, கொட்டு, பார் போல அவர்கள் வாயில் இருக்கிற சொற்களையும் அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். எழுத நேரமில்லாவிட்டால் குரல் பதிவாக அனுப்புங்கள், தரம் 9 பிள்ளைகள் கேட்டு எழுதுவார்கள். கொப்பி வாங்கி வைத்திருக்கிறோம்.